என் கையில் இருந்தது ஓட்டில்லாத கார்டு

2016 டிசம்பரில் ஒரு புதன்கிழமை. மெல்பர்னில் பஸ் டிப்போவில் ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்ம் சட்டையோடு அப்படியே ரயில் ஏறி, என் ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து) கிளப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் என் மெம்பர்ஷிப் கார்டை ஸ்கேன் செய்துவிட்டு, "இது மூன்று ஆட்டத்துக்கான கார்டு. உள்ளே போய் உட்காரலாம், ஆனால் இதற்கு ஓட்டுக் கிடையாது" என்றார். எனக்கு முன்னால் நின்றவர் பச்சை நிற ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கார்டோடு மட்டும் போனேன்.

2010 முதல் ஏழு சீசன் சந்தா கட்டியிருந்தேன். டிரைவர் வேலையில் எந்த சனி, ஞாயிறு லீவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் மூன்று ஆட்டக் கார்டு. அதற்கும் மெம்பர்ஷிப் என்றுதான் பெயர், முழு சீசன் கார்டுக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் ஒரே ஸ்கார்ஃப், ஒரே கடிதம். இந்தக் கிளப் உங்களுடையது என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருப்பார்கள். நான் அதை நம்பியிருந்தேன். அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சீட்டைப் பெட்டியில் போடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனசு ரொம்பவே கனத்துப் போயிருந்தது.

கிளப்பின் பெயரை இங்கே சொல்லவில்லை. மெல்பர்ன் நகரத்திலிருந்து ஏஎஃப்எல் என்ற தேசிய லீகில் ஆடும் ஒன்பது கிளப்களில் ஒன்று. இன்னும் அதற்குத்தான் கத்துகிறேன், என் மகளும் சேர்ந்து கத்துகிறாள்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு: ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்பது கிரிக்கெட் மைதானம் போன்ற முட்டை வடிவத் தரையில், முட்டை வடிவப் பந்தோடு, பக்கத்துக்கு 18 பேர் ஆடுவது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் பந்தை உதைத்துப் போட்டால் 6 புள்ளி, பக்கக் கம்பங்களுக்கு நடுவே போனால் 1. 2008-ல் திருச்சியிலிருந்து வந்து டிப்போவில் சேர்ந்த முதல் வாரமே, "நீ யாருக்கு பாரக்?" என்று கேட்டுவிட்டார்கள். யாரை ஆதரிக்கிறாய் என்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். என் குடும்பத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ கேட்கத் தயங்குகிறவர்கள்கூட இதைக் கேட்கத் தயங்குவதில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. டிப்போவில் டியூட்டி போடுகிறவர் தன்னுடைய பழைய ஸ்கார்ஃப் ஒன்றைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். அன்றிலிருந்து அதுதான் என் கிளப்.

நமக்குத் தெரிந்த ஐபிஎல் அணிகளுக்கு முதலாளி உண்டு. மெல்பர்ன் ஃபுட்டி கிளப்களுக்கு அப்படி யாரும் இல்லை. பங்குகள் கிடையாது, லாபத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ளவும் முடியாது. சட்டப்படி அவை மெம்பர்களுக்குச் சொந்தமான கம்பெனிகள். மெம்பர்கள் ஓட்டுப் போட்டு போர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், போர்டு தலைமை நிர்வாகியை நியமிக்கும், அவர்கள் கோச்சை நியமிப்பார்கள். இதெல்லாம் தெரியாமலேயே பத்து வருடம் கோச்சைத் திட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் திட்டியிருக்கிறேன்.

கூட்டத்துக்குப் போய் வந்த கதையைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அங்கே எழுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், ஆனால் எனக்கு மனசுக்குள் அவர் பெரியவர்தான். அவர் பிறந்ததிலிருந்து ஃபிட்ஸ்ராய் கிளப்பின் ஆள். 1897-ல் லீகைத் தொடங்கிய எட்டுக் கிளப்களில் ஃபிட்ஸ்ராயும் ஒன்று. எட்டு முறை கோப்பை வென்றது, கடைசியாக 1944-ல். கடன் ஏறிக்கொண்டே போய், நவ்ரு நாட்டின் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த கடனைத் திருப்ப முடியாமல், 1996-ல் கிளப், கடனை வசூலிக்க நியமிக்கப்பட்ட ஒரு நிர்வாகியின் கைக்குப் போனது. நார்த் மெல்பர்னோடு சேர்க்கும் பேச்சு நடந்தது, மற்ற கிளப்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பிரிஸ்பேன் பேர்ஸோடு சேர்த்து பிரிஸ்பேன் லயன்ஸ் ஆக்கினார்கள். 1996 ஆகஸ்ட் 25 அன்று எம்சிஜி மைதானத்தில் ரிச்மண்டிடம் 151 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டம்தான் மெல்பர்னில் அதன் கடைசி ஆட்டம். பெரியவர் அங்கே இருந்தார். ஆட்டம் முடிந்த பிறகும் யாரும் நகரவில்லை, எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றார். அதைச் சொல்லும்போது இருபது வருடம் கழித்தும் அவர் குரல் உடைந்தது.

"தோற்பதைப் பார்த்து பயந்தோம். கணக்கை ஒருவரும் பார்க்கவில்லை" என்றார். அப்புறம் உள்ளே போய், ஒரு பெட்டி நிறைய ஃபிட்ஸ்ராய் ஆண்டறிக்கைகளைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் கிளப் போன பிறகு தேடிச் சேர்த்தவை. இன்றும் பிரன்ஸ்விக் ஸ்ட்ரீட் மைதானத்தில் ஃபிட்ஸ்ராய் என்ற பெயரில் ஓர் அமெச்சூர் அணி ஆடுகிறது, அவர் அதைப் பார்க்கப் போவார். பிரிஸ்பேன் ஆட்டத்தை டிவியில்கூடப் போட மாட்டார்.

மெம்பர்கள் விழித்துக்கொண்ட கதைகளையும் அவரிடம்தான் கேட்டேன். 1989-ல் ஃபுட்ஸ்க்ரே கிளப்பை ஃபிட்ஸ்ராயோடு இணைக்கப் போவதாக அறிவித்தபோது, ஒரு சாதாரண ரசிகை தன் பெயரில் கோர்ட்டுக்குப் போனார், வக்கீல் பீட்டர் கார்டன் முன்னால் நின்றார், தெருத்தெருவாக உண்டியல் குலுக்கி சில வாரங்களில் கிளப்பைக் காப்பாற்றினார்கள். அதுதான் இப்போது வெஸ்டர்ன் புல்டாக்ஸ். 1954-க்குப் பிறகு 2016-ல் கோப்பை வென்றது. 1996 செப்டம்பரில் ஹாத்தார்ன், மெல்பர்ன் கிளப்களை இணைப்பதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. கூட்டத்தில் ஹாத்தார்னின் முன்னாள் கேப்டன் டான் ஸ்காட், இணைந்த அணிக்கென்று தைத்த சட்டையைத் தூக்கிப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த ஹாத்தார்ன் சின்னமான பருந்தைப் பிய்த்துக் காட்டினார். மிச்சம் இருந்தது மெல்பர்ன் சட்டை. ஹாத்தார்ன் மெம்பர்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அந்தக் கிளப் 2008-லும், 2013 முதல் தொடர்ந்து மூன்று வருடங்களும் கோப்பை வாங்கியது. அன்று மூன்று ஆட்டக் கார்டோடு அந்த அரங்கில் ஒருவர் நின்றிருந்தால் அவரால் என்ன செய்திருக்க முடியும் என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்த நினைப்பு.

அடுத்த வருடமே முழு கார்டு எடுத்தேன். பாதி ஆட்டங்களுக்கு என்னால் போக முடியாது என்று தெரிந்தேதான் எடுத்தேன். உங்கள் கிளப் எதுவானாலும் பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வகைக்கு ஓட்டு உண்டா, எந்தத் தேதிக்குள் கட்டியிருந்தால் இந்த வருடக் கூட்டத்தில் ஓட்டுப் போடலாம்? பதிலை இமெயிலில் வாங்குங்கள். குடும்பக் கார்டு என்றால் வீட்டில் யார் யாருக்கு ஓட்டு என்றும் கேளுங்கள். எங்கள் கிளப்பில் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்தான்.

அப்புறம் ஆண்டறிக்கை. கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னால் நோட்டீஸ் வர வேண்டும் என்பது சட்டம், எங்களுக்கு அதோடு சேர்ந்தே அறிக்கையும் வரும். முதல் இருபது பக்கம் படங்கள். நான் முதலில் படித்த அறிக்கையில் தலைவரின் கடிதம் பல மில்லியன் டாலர் லாபம் என்று தொடங்கியது. அந்த சீசனில் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் முடித்திருந்தோம், மைதானம் பாதி காலியாகக் கிடந்தது. எப்படி லாபம் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கக் குறிப்புகளுக்குப் போனார். பயிற்சி மையத்தைப் புதுப்பிக்க அரசாங்கம் கொடுத்த மானியத்தை வருமானமாகச் சேர்த்திருந்தார்கள். கணக்கு விதிப்படி அது தப்பில்லை, ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பணம் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போக வேண்டியது. அதில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. அதைக் கழித்துப் பார்த்தால் கிளப் நஷ்டத்தில் ஓடியிருந்தது. தலைவரின் கடிதத்தில் நஷ்டம் என்ற வார்த்தையே இல்லை. பொய் சொல்லவில்லை, சரி. ஆனால் உண்மையைத் தேடிப் போகிறவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். எனக்கு அது தோல்வியைவிட வலித்தது.

அன்றிலிருந்து நான் படிக்கும் வரிசை இதுதான். முதலில் பணப் புழக்க அறிக்கை: அன்றாட நடவடிக்கையில் பணம் உள்ளே வந்ததா, வெளியே போனதா. அடுத்து வங்கிக் கடன், அதை எப்போது திருப்ப வேண்டும். அதற்கப்புறம் லீகிலிருந்து வரும் பணம் மொத்த வருமானத்தில் எவ்வளவு. டிவி உரிமைப் பணம் லீகுக்கு வந்து, அங்கிருந்துதான் கிளப்களுக்குப் பிரிகிறது. அந்தப் பங்கு வருடா வருடம் ஏறினால் கிளப் தன் காலில் நிற்கவில்லை என்று அர்த்தம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் போக்கி மெஷின்கள் இன்னொரு விஷயம். பல கிளப்கள் சூதாட்ட மெஷின் வைத்த பார்களை நடத்தியே பல வருடம் பிழைத்தன, ஒவ்வொன்றாக அதிலிருந்து வெளியேறியும் வருகின்றன. உங்கள் கிளப் அதில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரிந்துகொண்டே சந்தா கட்டுங்கள். ராத்திரி கடைசி பஸ்ஸில் அந்த மெஷின்களிலிருந்து எழுந்து வருகிறவர்களை நான் ஏற்றிச் சென்றிருக்கிறேன்.

போர்டு விஷயம் இன்னும் கசப்பானது. எங்கள் கிளப்பில் இயக்குநர்கள் ஒன்பது பேர். ஒரு இரவு உட்கார்ந்து ஒவ்வொருவரும் எப்படி வந்தார் என்று பழைய அறிக்கைகளில் தேடினேன். ஆறு பேர் முதலில் தேர்தலில் வரவில்லை. யாராவது பதவிக் காலம் முடியும் முன்பே விலகுவார், மிச்ச இயக்குநர்கள் அந்த இடத்துக்கு ஒருவரை நியமிப்பார்கள். அவர் அந்தப் பதவிக் காலத்தின் மிச்சம் முழுவதும் இருந்துவிட்டு, போர்டின் ஆதரவு பெற்ற இயக்குநர் என்ற அடைமொழியோடு தேர்தலில் நிற்பார். எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள். ஓட்டெடுப்பே இல்லாமல் தேர்வாகிவிடுவார். ஒவ்வொருவராகப் பார்த்தால் நல்ல படிப்பு, நல்ல வேலை, கிளப் மேல் உண்மையான பாசம். ஆனால் மெம்பர்கள் தேர்ந்தெடுத்த போர்டு என்று அதைச் சொல்ல முடியாது.

2018 கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். மானியம், போர்டு, பணம் வாங்கிக்கொண்டு வேறு மாநிலத்தில் ஆட விற்ற சொந்த ஆட்டங்கள், கோச் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். இங்கிலீஷில் அவ்வளவு பேர் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை, கை நடுங்கியது. தலைவர் மரியாதையாக நன்றி சொல்லி, கோச் பற்றிய கேள்விக்கு மட்டும் ஐந்து நிமிடம் பதில் சொன்னார். கைதட்டல். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நாலு கேள்வி கேட்டால் அவர்கள் சுலபமானதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அன்று புரிந்தது. மறு வருடம் ஒரே கேள்வியை, பத்து நாள் முன்னால் எழுத்தில் அனுப்பினேன்: கட்டட மானியத்தைக் கழித்தால் கடந்த மூன்று வருடங்களில் ஒவ்வொரு வருட நிகர முடிவு என்ன? எண்களைத் தவிர வேறு பதில் அதற்கு இல்லை. அரங்கில் எண்களைப் படித்தார்கள். மூன்று வருடமும் நஷ்டம். ஆடிட்டர் கூட்டத்துக்கு வந்திருந்தால் அவரிடமும் நேரடியாகக் கேட்கலாம், தலைவர் அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும். இதைப் பயன்படுத்துகிறவர்கள் ரொம்பக் குறைவு.

கோச் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சீசன் நடுவில் எங்கள் கோச்சை அனுப்பினார்கள். அவருடைய ஒப்பந்தத்தை அதற்கு முந்தைய வருடம்தான், அவசரமே இல்லாதபோது, நீட்டித்திருந்தார்கள். மிச்ச வருடங்களுக்கான தொகையைக் கொடுத்துத்தான் அனுப்ப முடிந்தது. ரசிகர்கள் எல்லோரும் போனது நல்லதா கெட்டதா என்றுதான் சண்டை போட்டார்கள். யார் பரிந்துரைத்து நீட்டித்தார்கள், எத்தனை ஆட்டம் ஜெயித்ததைப் பார்த்து நீட்டித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, இப்போது வருத்தப்படுகிறேன்.

ஆனால் ஆளை மாற்றுவதே மருந்து என்று நான் நம்பவில்லை. 2016-ல் ரிச்மண்ட் 13-வது இடத்தில் முடிந்தது. ஒரு குழு போர்டையே கவிழ்க்கக் கிளம்பியது. தலைவர் பெக்கி ஓ'நீல், கோச் டேமியன் ஹார்ட்விக் இருவரும் நிலைத்தார்கள், உதவிக் கோச்களையும் ஆடும் விதத்தையும் மாற்றினார்கள். 2017-ல் 37 வருடத்துக்குப் பிறகு கோப்பை. இந்த ஆட்டத்தில் புது வீரர்களைக் கிளப்கள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டில் கடைசி இடத்துக்கு முதல் தேர்வு கிடைக்கும், சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 18 வயதில் எடுத்த பையன் முழு வீரனாக நாலைந்து வருடம் ஆகும். அதனால் இன்றைய தோல்வி நாலு வருடம் முந்தைய முடிவின் விளைவாகக்கூட இருக்கலாம். தோற்ற சனிக்கிழமை ராத்திரி கிளப்புக்கு எதுவும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் அதே கோபம் இருந்தால்தான் எழுதுவேன்.

2020 வந்தது. மார்ச்சில் ஆளில்லாத மைதானங்களில் முதல் சுற்று ஆடி சீசனை நிறுத்தினார்கள், ஜூன் 11-ல்தான் திரும்பத் தொடங்கியது. லீக் டாக்லாண்ட்ஸ் ஸ்டேடியத்தை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்கியது. சந்தாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். நான் வாங்கவில்லை. ஒரு ஆட்டம்கூட நேரில் பார்க்க முடியாத வருடத்துக்கு முழுப் பணமும் கொடுத்தேன், டிப்போவில் பலரும் கொடுத்தார்கள். பிறகு ஊழியர்களைக் குறைத்தபோது முதலில் போனவர்களில் எங்கள் பேனர் ஆட்களுக்குச் சாவி கொடுத்து, டீ போட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் தெரிந்து வைத்திருந்த பெண்ணும் ஒருவர். இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். மெம்பர்களுக்கு ஒரு வரிகூடத் தெரிவிக்கவில்லை. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பேனர் என்றால் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரர்கள் கிழித்துக்கொண்டு ஓடி வருவதற்காக, ஒரு வீட்டுச் சுவரைவிடப் பெரிய கிரெப் காகிதப் பேனரை ரசிகர்களே செய்வார்கள். வாரத்தின் ஓர் இரவு முழுக்கத் தரையில் முழங்காலிட்டு, எழுத்து வெட்டி, பின்பக்கம் டேப் ஒட்டுவோம். மறுநாள் காற்றில் கம்பத்தைப் பிடித்து நிற்பதற்குள் தோள் கழன்றுவிடும். இரண்டு விநாடியில் அது கிழிந்து போகும். அந்தத் தரையில்தான் எங்கள் தீர்மானம் பிறந்தது.

ஓட்டுரிமையுள்ள 100 மெம்பர்கள் கையெழுத்திட்டால் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வைக்கலாம் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். இடையில் நியமிக்கப்படும் இயக்குநர் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்று கிளப் விதியைத் திருத்துவது எங்கள் தீர்மானம். ரயில் நிலையத்திலும் மைதான வாசலிலும் நின்று 134 கையெழுத்து வாங்கினோம். சரிபார்த்தபோது 31 பேருக்கு ஓட்டில்லை. எல்லோரும் என்னைப் போலவே மூன்று ஆட்டக் கார்டு, அல்லது வேறு ஏதோ சின்ன வகை. அவர்களுக்குப் போன் செய்து சொன்னது நான்தான். ஒரு அம்மா, "நாற்பது வருடமாக மெம்பர் நான்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். மிச்சம் 103. மூன்றே பேர் அதிகம்.

தோற்றோம். விதியைத் திருத்த, போட்ட ஓட்டில் 75 சதவீதம் வேண்டும். அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். ஆனால் வராதவர்கள் தங்கள் ஓட்டை வேறொருவர் போடட்டும் என்று அனுப்பிய ப்ராக்சி படிவங்கள் கட்டுக் கட்டாகத் தலைவரிடம் இருந்தன. படிவத்தில் ஆம், இல்லை எதையும் குறிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டால், அந்த ஓட்டை அவர் விருப்பப்படி போடுவார். அதில் பாதிப் பேருக்கு தாங்கள் எதற்கு எதிராக ஓட்டுப் போட்டோம் என்றே தெரிந்திருக்காது. கூட்டத்துக்கு வர முடியாவிட்டால், போகிற ஒருவரின் பெயரை எழுதுங்கள், கட்டத்தில் டிக் போடுங்கள்.

ஆனாலும் மறு வருட அறிக்கையில் கட்டட மானியத்தைத் தனி வரியாகப் போட்டு, அது இல்லாத முடிவையும் தலைவரின் கடிதத்திலேயே சொல்லியிருந்தார்கள். மெம்பர்ஷிப் விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஓட்டு உண்டு, ஓட்டு இல்லை என்று அச்சடித்திருந்தார்கள். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது, பெரிதாகப் போடச் சொல் என்றார்.

இந்த டிசம்பருக்கான கேள்வி தயார். 2023 முதல் ஒவ்வொரு கிளப்புக்கும் 23 ஆட்டம். 11 சொந்த மைதானத்தில், 11 வெளியே, ஒன்று எல்லாக் கிளப்களும் கூடும் சுற்றில். சொந்த ஆட்டங்களில் சிலவற்றை எங்கள் கிளப் வேறு இடத்துக்கு விற்கிறது. அதற்குக் கிடைக்கும் தொகை எவ்வளவு, அதே ஆட்டங்களை இங்கே ஆடினால் டிக்கெட்டிலும் சந்தாவிலும் எவ்வளவு கிடைக்கும், ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது? மூன்று எண்கள். நவம்பர் கடைசி வாரம் அனுப்புவேன். மகளுக்கு அடுத்த மார்ச்சில் 18 ஆகிறது. அவளுடைய கார்டு எந்த வகை என்று நேற்றே பார்த்துவிட்டேன்.